லாரி டிரைவருக்கு ஓவர் ஸ்பீடு சலான்: கட்டிட்டுப் போறதா, வக்கீலப் பாக்குறதா?

3 பிப்ரவரி 2025, காலை (கேள்வி)

அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். நான் வள்ளியூர் பக்கம், ஹெவி லைசென்ஸ் எடுத்து நாலு வருசம் ஆவுது, டாரஸ் லாரி ஓட்டுதேன். ஜனவரி 4ந் தேதி ராத்திரி மெட்ராஸ் லோடு, வழியில கேமரால ஓவர் ஸ்பீடுன்னு விழுந்துருக்கு, 91ன்னு போட்டுருக்கு. ஓனர் போனுக்கு மெசேஜ் வந்ததே ஜனவரி 31 தான். ஓனர் நானே கட்டிட்டு உன் பேட்டால புடிச்சுக்கிடுதேங்காரு. ஆபீஸ் வாசல்ல நிக்க புரோக்கர் 1500 குடு முடிச்சுத் தாரேங்கான். வக்கீலப் பாக்கட்டான்னு கேட்டா கூட ஓட்டுறவங்க, அபராதத்த விட வக்கீல் பீஸ் கூடல்லாங்காங்க. எனக்கு 91ல போன நெனப்பே இல்ல. என்ன செய்யட்டும்?

3 பிப்ரவரி, ராத்திரி (இன்னொரு லாரி டிரைவரோட பதில்)

தம்பி, கட்டாத. ஓனர்ட்டயும் கட்ட வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிரு, அவரு போன்ல ரெண்டு தட்டு தட்டுனா முடிஞ்சுபோவும், பொறவு நீ அழுதாலும் திரும்பாது. புரோக்கர் பக்கமே போவாத. நான் இப்ப கயத்தாறு தாண்டி வண்டிய ஓரங்கட்டிட்டு எழுதுதேன், நாளைக்கு விவரமா சொல்லுதேன்.

5 பிப்ரவரி

வீடு வந்து சேந்துட்டேன். என் கதையச் சொன்னாத்தான் ஏன் கட்டாதன்னு சொன்னேன்னு புரியும்.

2023 கோடையில எனக்கு ஒரு சலான் வந்துச்சு. தப்பா சரியான்னு பாக்கவே இல்ல, ஒரு புரோக்கர்ட்ட காசக் குடுத்தேன், அவன் செஞ்சது என்னன்னா நம்ம காச வச்சு ஆன்லைன்ல அபராதத்தக் கட்டுனான், மிச்சத்த அவன் பையில போட்டுக்கிட்டான். அவ்வளவுதான் அவன் "முடிச்சது". நானும் தொல்ல விட்டுதுன்னு அடுத்த லோடுக்குப் போயிட்டேன்.

2024 ஆகஸ்ட் 9 ராத்திரி ரெண்டாவது. வாழைத்தார் லோடு, களக்காட்டுல ஏத்தி கோயம்பேட்டுக்கு. மதுரை தாண்டி வடக்க ஒரு மாவட்டம், பேரு வேண்டாம். 3 மணி 12 நிமிசத்துக்கு 93ன்னு போட்டோ. நோட்டீஸ் வந்தது செப்டம்பர் 19. இதையும் கட்டிருவோம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நவம்பர்ல லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து ஒரு கடுதாசி, ரெண்டு தடவ வேகமாப் போயிருக்க, மோட்டார் வாகனச் சட்டம் செக்‌ஷன் 19 கீழ உன் லைசென்ஸ் மேல ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு காரணம் சொல்லுன்னு. அந்தத் தாள வாசிச்சு முடிச்சப்ப எனக்கு அடிவயிறு கலங்கிட்டு. 22 வருசமா ஸ்டியரிங்க விட்டா வேற தொழில் தெரியாது. மக காலேஜு ரெண்டாம் வருசம்.

அப்பத்தான் புரிஞ்சுது, அபராதம் பெரிசில்ல. 2019 திருத்தத்துக்கு முன்ன ஓவர் ஸ்பீடுக்கு முதல் தடவ 400 ரூபாதான். இப்ப செக்‌ஷன் 183ல நம்ம மாதிரி மீடியம், ஹெவி வண்டிக்கு 2000ல இருந்து 4000 வரைக்கும். அதக் கூட ரெண்டு டிரிப்பு பேட்டால சமாளிச்சுரலாம். லைசென்ஸ் போச்சுன்னா எதக் கொண்டு சமாளிக்க? அதே திருத்தம் செக்‌ஷன் 19ல என்ன சேத்துருக்குன்னா, போலீஸ் புடிச்சு அனுப்புற லைசென்ஸ முதல் தடவன்னா 3 மாசம் நிறுத்தலாம், ரெண்டாவது தடவன்னா ரத்தே பண்ணலாம்.

இன்னொண்ணு இருக்கு, இது நிறைய டிரைவருக்குத் தெரியாது. செக்‌ஷன் 200ல சமாதானக் கட்டணம், அதாவது கோர்ட்டுக்குப் போகாம காசு கட்டி முடிச்சா கேஸ் முடிஞ்சுதுதான். ஆனா 2019ல ஒரு வரி போட்டுட்டாங்க, கட்டி முடிச்ச குத்தமும் "முந்தி செஞ்ச குத்தம்"னு கணக்குல நிக்கும், அடுத்தது வந்தா அது ரெண்டாவது. 2023ல நான் போட்டோவக் கூடப் பாக்காம கட்டுனேம்லா, அதுதான் ஒரு வருசம் கழிச்சு வந்து என் கழுத்துல ஏறி உக்காந்துச்சு. தம்பி, உனக்கு இது முதல் சலான்னா நீ இத லேசா எடுக்காத.

5 பிப்ரவரி, கொஞ்சம் கழிச்சு

சலான்ல எதப் பாக்கணும்னு கேட்டிருக்க. வீட்ல உக்காந்து ஒரு தாள்ல எழுது: எந்தத் தேதி, எத்தன மணி, எந்த எடம், என்ன வேகம், அந்த ரோட்டுக்கு லிமிட் என்னன்னு போட்டுருக்கான், எந்தக் கருவியில எடுத்தது, நோட்டீஸ் உங்க கைக்கு என்னைக்கு வந்துச்சு.

பொறவு போட்டோவ போன்ல பாக்காத, பெரிசாப் பிரிண்ட் போடு. என் போட்டோவ பாளையங்கோட்டைல ஒரு ஜெராக்ஸ் கடையில ஏ4ல எடுத்துப் பாத்தேன். நம்ம வண்டி இடது லேன்ல நிக்கி, தார்ப்பாய் கயிறு கட்டுன முடிச்சு வரைக்கும் தெரியுது, நம்பர் பிளேட்டும் தெளிவு. ஆனா வலது ஓரத்துல ஒரு ஆம்னி பஸ்ஸோட மொகரைல பாதி, ஹெட்லைட் வெளிச்சம் அப்பிக்கிட்டுக் கெடக்கு. ரெண்டு வண்டி ஒரே போட்டோல. அப்ப 93 யாரோடது? போன்ல பாத்தப்ப அந்த வெளிச்சத்த ஏதோ லைட்டு போஸ்ட்டுன்னு நெனச்சுட்டேன்.

6 பிப்ரவரி

நாள் கணக்கு. கேமரா சலானுக்கு 15 நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 2021 ஆகஸ்ட்ல வந்த ரூல் 167ஏ அப்படித்தான் சொல்லுது. அதுலயே இன்னும் நிறைய இருக்கு: கருவிக்கு அனுமதிச் சான்று இருக்கணும், வருசா வருசம் புதுப்பிக்கணும், கேமரா இருக்குன்னு டிரைவருக்குத் தெரியுற மாதிரி போர்டு வைக்கணும், போட்டோல நம்பர் பிளேட்டும் குத்தமும் தெளிவாத் தெரியணும், கருவி அளந்த அளவு இருக்கணும், எலக்ட்ரானிக் சாட்சிக்கான சான்றிதழ் கூட இருக்கணும். உனக்கு ஜனவரி 4, வந்தது 31. 27 நாள்.

8 பிப்ரவரி

முந்தாநேத்து எழுதாம விட்டது பெரிய விசயம், என் வக்கீலம்மாட்ட போன்ல கேட்டுட்டு இப்பத் திருத்துதேன். 15 நாள் ரூல்ல உள்ளது. சட்டத்துலயே செக்‌ஷன் 209னு ஒண்ணு இருக்கு, அது இன்னும் கெட்டி, அதுல 14 நாள். வேகக் குத்தத்துக்கு ஒருத்தனத் தண்டிக்கணும்னா மூணுல ஒண்ணு நடந்துருக்கணும். அந்த எடத்துலயே நிறுத்தி உன் மேல கேஸ் வரும்னு எச்சரிச்சிருக்கணும். இல்லன்னா 14 நாளைக்குள்ள என்ன குத்தம், எங்க, எப்பன்னு நோட்டீஸ் டிரைவருக்கோ ஆர்சி ஓனருக்கோ குடுத்துருக்கணும், இல்ல ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பியிருக்கணும். அதுவும் இல்லன்னா 28 நாளைக்குள்ள சம்மன் சேந்துருக்கணும்.

உன் கணக்கு: ஜனவரி 18க்குள்ள நோட்டீஸ், பிப்ரவரி 1க்குள்ள சம்மன். உனக்கு ரெண்டும் வரல. எனக்கு 41 நாள் கழிச்சு வந்துச்சு.

ஆனா கவனிச்சுக்க. ரோட்டுல கை காட்டி நிறுத்தி வேகத்தக் காட்டி எழுதிக் குடுத்துருந்தா இந்த 14 நாள் வாதம் நிக்காது, அங்கயே எச்சரிச்சாச்சு. ஓனர் அட்ரஸ மாத்தாம, போன் நம்பர மாத்தாம வச்சு அதனால நோட்டீஸ் போய்ச் சேரலன்னா அப்பவும் நிக்காமப் போகலாம், அதுக்கு அந்தச் செக்‌ஷன்லயே விலக்கு இருக்கு. ஆர்சில பழைய நம்பர் கெடக்கான்னு முதல்ல ஓனர்ட்ட கேளு. அப்புறம் எஸ்எம்எஸ்ஸே நோட்டீஸ்தான்னு போலீஸ் தரப்பு வாதாடலாம். அதனால மெசேஜ் வந்த தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, ஓனர் போன்ல அத அழிச்சுரப் போறாரு.

9 பிப்ரவரி

மேல ஒருத்தர், ஏட்டு கண்ணால பாத்தேன்னு சொன்னாப் போதுமேன்னு எழுதியிருக்காவ. போதாது. 183லயே இருக்கு, ஒரே ஒரு சாட்சி "வேகமா வந்த மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்லுறத மட்டும் வச்சு தண்டிக்கக் கூடாது, கருவி வச்சு அளந்துருக்கணும். முன்ன மெக்கானிக்கல் கருவின்னு இருந்துச்சு, 2019ல எலக்ட்ரானிக்கும் சேத்தாங்க.

லிமிட் பத்தியும் கேட்டாவ. 2018 ஏப்ரல்ல மத்திய அரசு போட்ட அறிவிக்கையில சரக்கு வண்டிக்கு நாலு வழிச் சாலைல 80, மத்த ரோட்டுல 60. அந்த அறிவிக்கைய மெட்ராஸ் ஹைகோர்ட் 2021ல ரத்து பண்ணிட்டு. அதனால சும்மா லிமிட் 80, லிமிட் 60ன்னு போட்டா விட்றாதீங்க, எந்த உத்தரவுப்படி அந்த ரோட்டுக்கு அந்த லிமிட்டுன்னு காட்டச் சொல்லிக் கேக்கணும்னு வக்கீலம்மா மனுவுலயே எழுதினாவ.

11 பிப்ரவரி

வக்கீல் செலவு. இதுதான் எல்லாருக்கும் பயம், எனக்கும் இருந்துச்சு. முதல்ல நான் போன வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா எடுத்த எடுப்புல 8000 கேட்டாரு, வெளி மாவட்டம், போக வர, வாய்தா வாய்தாவுக்குன்னு. எந்திரிச்சு வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல டீ குடிச்சுக்கிட்டு நின்னப்ப பக்கத்துல நின்ன ஒரு அக்கா, கோர்ட்டுல சட்டத் தன்னார்வலரா வேல பாக்காவளாம், என் கையில இருந்த தாளப் பாத்துட்டு அவியளே கேட்டாவ, என்னய்யா லைசென்ஸ் நோட்டீஸான்னு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்துலயே இருக்கு, நீரு ஏன் வெளிய அலையுதீருன்னு கூட்டிட்டுப் போனாவ. அங்கதான் இந்த வக்கீலம்மா கெடச்சாவ.

1987 சட்டப்படி உள்ளது இது. எஸ்சி எஸ்டி, பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஜெயில்ல காவல்ல இருக்கவங்க, இவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு. மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு, பேட்டா வாங்கி ஓட்டுற டிரைவர் நிறைய பேரு அதுக்குள்ள வந்துருவோம். ஆதாரு, ரேஷன் கார்டு, வருமானச் சான்று, நோட்டீஸ் நகல் கொண்டு போனேன். வெளி மாவட்டத்துக் கேஸுன்னா என்ன செய்யன்னு கேட்டேன், அந்த மாவட்டத்துலயும் இதே ஆணைக்குழு இருக்கு, இங்கருந்து எழுதி அனுப்புதோம்னாவ. போன்ல கேக்கணும்னா 15100, நாடு முழுக்க ஒரே நம்பர்.

இன்னொரு பயம் என்னன்னா ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாம போய் நிக்கணுமோன்னு. லோடு போச்சுன்னா சோறு போச்சுல்லா. செக்‌ஷன் 208ல வர்ற சம்மன்ல நேர்லயும் வரலாம், வக்கீல் மூலமாவும் வரலாம்னுதான் போட்டுருக்கும். வக்காலத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அவங்க நிப்பாங்க. அதே சம்மன்ல குத்தத்த ஒத்துக்கிட்டு தபால்லயே பணம் அனுப்பலாம்னும் ஒரு வழி இருக்கும், சுலபமா இருக்கேன்னு அதுல கையெழுத்துப் போட்டுறாதீங்க.

12 பிப்ரவரி

பாஸ்டேக் பத்தி நாலு பேரு கேட்டுருக்கீங்க. நானும் முதல்ல அதத்தான் பெரிய ஆயுதம்னு நெனச்சேன். ரெண்டு டோல்லயும் கழிஞ்ச நேரத்த எடுத்து தூரத்த வகுத்தா 52 வந்துச்சு, அப்ப நான் எப்படி 93ல போயிருப்பேன்னு துள்ளிக்கிட்டுப் போனேன். வக்கீலம்மா தாள வாங்கி ஓரமா வச்சுட்டாவ. இடையில அரமணி நேரம் டீக்கடையில நின்னுட்டு மிச்சத்துல பறந்துருந்தாலும் 52தான் வரும், இது சராசரி, அந்த நிமிசத்து வேகம் இல்லன்னாவ. சரியாத்தானே சொல்லுதாவ.

எது நின்னுச்சுன்னா, ஒண்ணு ஓனர் வண்டியில மாட்டியிருந்த ஜிபிஎஸ். அந்த 3:12க்கு முன்ன பின்ன நிமிச வாரியா எடுத்தா 74, 76, 75. இத உடனே எடுத்து வைங்க, கம்பெனிக்காரன் ரொம்ப நாள் வச்சுருக்க மாட்டான், ஓனர்ட்ட அன்னைக்கே கேட்டு வாங்கிரணும்.

ரெண்டாவது ஸ்பீடு கவர்னர். 2015 அக்டோபர்ல இருந்து வர்ற சரக்கு வண்டிக்கு 80க்கு மேல போகாதபடி கவர்னர் கட்டாயம், டேங்கர் டிப்பருக்கு 60. எங்க வண்டி அதுக்குப் பொறவு வந்தது. எப்சிக்கு, அதான் வண்டித் தகுதிச் சான்றுக்குக் காட்டுன கவர்னர் சான்றிதழ், அதுல உள்ள சீரியல் நம்பர், வண்டியில உள்ள பெட்டி மேல உள்ள சீரியல் நம்பர், ரெண்டையும் போட்டோ எடுத்தேன். பெட்டியில ஒரு மெல்லிசு கம்பி கோத்து நுனியில ஈயத்துல ஒரு முத்திரை அழுத்தி வச்சுருப்பாங்க பாத்துருப்பிய, மிளகு தண்டி இருக்கும். அந்த ஈயம் அறுபடாம இருக்கதையும் கிட்டக்க வச்சு எடுத்தேன். 80ல பூட்டுன வண்டி, பூட்டு உடையல, வாழைத்தார் லோடு வேற, மேடு பள்ளம் இல்லாத சம ரோடு, பொறவு 93 எங்கருந்து வரும்?

ஆனா மக்கா உண்மையச் சொல்லணும், நிறைய வண்டியில அந்தக் கம்பி அத்துப்போய்த்தான் கெடக்கு. சில எடத்துல மேடு ஏற மாட்டேங்குன்னு டிரைவரே அத்துவிடுறதும் உண்டு. அப்படி உள்ளவங்க இந்தச் சாட்சியத் தூக்கிட்டுப் போனா அதுவே அவங்களுக்கு எதிராத் திரும்பும். தம்பி நீ முதல்ல இறங்கிப் போய் பாரு.

13 பிப்ரவரி

ராத்திரி 2 மணிக்கு மேல உள்ள ரோட்டப் பத்தி ஒருத்தர் எழுதியிருந்தாவ, வாசிச்சுட்டு தூக்கம் வரல. நாங்குநேரில இருந்து பணகுடி வரைக்கும் காத்து அடிக்கிற மாசத்துல வெறும் வண்டிய லேன்ல புடிச்சு வைக்கதே பாடு, கரண்டு எடுக்கிற காத்தாடி ஒவ்வொண்ணும் மலை ஓரத்துல செவப்பு லைட்ட மின்னிக்கிட்டு நிக்கும், அதப் பாத்தாத்தான் வீடு வந்துட்டுன்னு மனசு அடங்கும். எங்க ஊர்ல என் வயசுக்காரன் ஒருத்தன் அப்படி வீடு பக்கம் வந்துட்டுன்னு மிதிச்சு வந்து நின்ன லாரில பின்னால போய் விட்டான். கிளீனர் பையனுக்கு 19 வயசு. அந்த வீட்டு வாசல்ல நான் நின்னேன். அதனால நான் சொல்லுறத வேகமாப் போறதுக்கு வக்காலத்துன்னு யாரும் எடுத்துக்கிட வேண்டாம். 93ல நெசமாப் போயிருந்தா நான் கட்டியிருப்பேன், கட்டவும் வேணும். பைய வாங்கன்னு வீட்ல சொல்லுறாங்கல்லா, அதுக்கு மேல ஒரு சட்டமும் இல்ல. செய்யாதத செஞ்சன்னு எழுதி லைசென்ஸப் புடுங்கும்போதுதான் நான் எதுத்து நிக்கச் சொல்லுதேன்.

16 பிப்ரவரி

ஓனர் பேட்டால புடிக்கது. இதுதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். களக்காட்டுல தார் வெட்டி, எடை போட்டு, ஏத்தி முடிக்க சாயங்காலம் 5 ஆயிரும். கோயம்பேட்டுல 4 மணிக்கு எறக்கணும். 650 கிலோமீட்டருக்கு மேல, 11 மணி நேரம். டோல், டீசல், சாப்பாடு, ஒண்ணுக்குப் போறது எல்லாம் அதுக்குள்ள. கணக்குப் போட்டுப் பாருங்க, நிக்காம 60 வேகத்துல போனாத்தான் எட்டும். லோடு வண்டி அப்படி ஓடுமா? எட்டலன்னா மார்க்கெட் ரேட்டு விழுந்துருச்சுன்னு திட்டு, எட்டணும்னு மிதிச்சா சலான், அந்த சலானும் நம்ம பேட்டால.

சட்டம் இதப் பாக்காம இல்ல, பாத்துருக்கு. 183ல கடைசியா ஒரு பத்தி: இன்ன நேரத்துக்குள்ள போய்ச் சேருன்னு ஒருத்தர் உத்தரவு போட்டு, அந்த நேரத்துல வேக லிமிட்ட மீறாம போய்ச் சேர முடியாதுன்னு கோர்ட்டுக்குத் தெரிஞ்சா, அந்த உத்தரவே உத்தரவு போட்டவர் குத்தம் செஞ்சாருங்கதுக்கு முதல் சாட்சி. தனக்குக் கீழ வேல செய்றவன வேகமா ஓட்ட வச்சவருக்கும் ஓட்டுனவனுக்கு உள்ள அதே அபராதம்தான். 1961ல போட்ட மோட்டார் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலைன்னு சொல்லிச்சு, அஞ்சு தொழிலாளியோ அதுக்கு மேலயோ வச்சுருந்த எல்லா லாரி செட்டுக்கும் அது பொருந்துச்சு. எத்தன பேருக்கு இது தெரியும்?

ஓனர் மேல கேஸ் போடுங்கன்னு நான் சொல்லல. நாளைக்கும் அவரு வண்டியத்தான் ஓட்டணும். ஆனா "4 மணிக்குள்ள போயிரணும்"னு அவரு அனுப்புன வாய்ஸ் மெசேஜ அழிக்காதீங்க. நான் அத என் ஓனருக்குத் திருப்பிப் போட்டுக் காட்டுனேன், சண்டையா இல்ல, பக்கத்துல உக்காந்து இந்தப் பத்தியத் தமிழ்ல சொல்லி. நேரம் கேட்டா இப்ப 6 மணி வரைக்கும் குடுக்காரு. பேட்டால புடிச்சதையும் திருப்பிக் குடுத்துட்டாரு.

17 பிப்ரவரி

தம்பி தனியா கேட்டதுக்கு இங்கயே பதில் சொல்லுதேன், எல்லாரும் வாசிக்கட்டும். ஓனர், மாத்து டிரைவர் ஓட்டுனதா எழுதிக் குடுத்துருவோம், அவன் லைசென்ஸ் சுத்தமா இருக்குன்னு சொல்லுதாராம். வேண்டாம். ஓட்டுனது யாருன்னு போலீஸ் கேட்டா ஓனர் உண்மையச் சொல்லணும், செக்‌ஷன் 133. டிரிப் ஷீட்டுல உன் பேரு, டோல்ல உன் மொகம், டீசல் பில்லுல உன் கையெழுத்து. நிக்கிற ஒரு நல்ல வாதத்தையும் அந்தப் பொய் கெடுத்துரும். அந்தப் பையனுக்கும் நாளைக்கு ஒண்ணு வந்தா அது அவனுக்கு ரெண்டாவதா நிக்கும். அவன் வீட்டுலயும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.

24 பிப்ரவரி

இது வேற விசயம், ஆனா சொல்லணும். எங்க செட்டுல ஒரு பெரியவருக்கு வாட்ஸ்அப்ல ஆர்டிஓ சலான்னு ஒரு பைல் வந்துருக்கு, வண்டி நம்பரும் சரியா இருந்துருக்கு, பயந்துபோய்த் தொட்டுட்டாரு, ஏதோ ஆப் எறங்கி பேங்க்ல இருந்த 38,000 போயிட்டு. சலான் எதுவும் ஏபிகே பைலா வராது. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்டுல நீங்களே போய் வண்டி நம்பரோ லைசென்ஸ் நம்பரோ அடிச்சுப் பாருங்க, முகவரி ஜிஓவி டாட் இன்னுதான் முடியும். காசு போயிட்டுன்னா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க, மணிக்கணக்குல யோசிக்க வேண்டாம். பெரியவருக்கு நாங்க மறுநாள்தான் அடிச்சோம், அந்த ஒரு ராத்திரியை நெனச்சா இன்னும் மனசு ஆறல.

2 மார்ச்

மார்ச் 8 தேசிய மக்கள் நீதிமன்றம் வருது, அங்க போய் முடிச்சுரட்டான்னு கேக்கீங்க. அங்க கோர்ட்டு பீஸ் கெடயாது, ஒரே நாள்ல முடியும், பொறவு அப்பீலும் கெடயாது. நெசமாவே வேகமாப் போயி, நாலஞ்சு சலான் சேந்து கெடக்குன்னா அது நல்ல எடம், முன்னக் கூட்டியே போய் உங்க கேஸ் பட்டியல்ல இருக்கான்னு கேட்டுக்கிடுங்க. ஆனா அது சமாதானம், நாம செய்யலன்னு நிரூபிக்கிற எடம் இல்ல. சமாதானம் ஆனது கணக்குல நிக்கும்னு மேல சொன்னேம்லா. உன் கேஸுக்கு நான் அங்க போகச் சொல்ல மாட்டேன் தம்பி. சலான் வர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் அங்க கட்டுறது, எதிர்க்கிறதுன்னு ரெண்டு வழி இருக்கும், எதிர்க்கிறதுன்னு குடுத்தா ரெகுலர் கோர்ட்டுக்கு வரும். அவசரத்துல கை தவறி கட்டுறத அமுக்கிறாத.

3 மார்ச்

லைசென்ஸ் ஆபீஸ் விசாரண எப்படி இருந்துச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். போன டிசம்பர்ல நடந்துச்சு. முதல்ல நான் என்ன செய்ய இருந்தேன்னா, கடுதாசிக்குப் பதிலே போடாம நேர்ல போய் கையக் கட்டிக்கிட்டு நின்னு ஐயா புள்ளகுட்டிக்காரன்னு சொல்லலாம்னு. வக்கீலம்மா விடல. கெஞ்சுனா தப்பு செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி, எழுத்துல குடுங்கன்னாவ. விசாரிக்காம லைசென்ஸத் தொடக் கூடாது, அது 19லயே இருக்கு, விசாரிச்சுட்டு விட்டுறவும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு, எதிரா வந்தா 30 நாளைக்குள்ள அப்பீல். ரெண்டு பக்கம் டைப் அடிச்சு, நாள் கணக்கு, ஜிபிஎஸ் தாள், கவர்னர் சான்று, ஈயத்து போட்டோ, ஆம்னி பஸ் மொகரை தெரியுற ஏ4, எல்லாம் பின் அடிச்சுக் குடுத்தோம். குடுத்ததுக்கு ஒப்புகை சீல் வாங்கிக்கிட்டோம், அத மறந்துறாதீங்க.

அதிகாரி அந்த ஏ4 தாள ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. பொறவு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, 2023ல ஏன் கட்டுனீரு, அப்ப எத்தன வேகம்னு. எனக்குப் பதில் தெரியல. சலானத் தொறந்தே பாக்கலியே. அந்த ஒரு கேள்விக்கு முன்னால நின்னது மாதிரி நான் வேற எங்கயும் நின்னதில்ல. கோர்ட்டுல சலான் கேஸ் முடியுற வரைக்கும் நடவடிக்கை இல்லன்னு எழுதிக் குடுத்தாரு.

19 மார்ச்

தம்பி நேத்து பாளையங்கோட்டைக்கு வந்தான், கூடப் போனேன். மனு எழுதிக் குடுத்தாச்சு. கவர்னர் சீல் பாத்தியான்னு கேட்டேன், பாத்தேன் நல்லா இருக்குன்னான். ஆனா ஜிபிஎஸ் கணக்க ஓனர் இன்னும் குடுக்கல. இன்னைக்குக் கேட்டு வாங்குலே, நாளைக்குன்னு போவாத.

17 ஏப்ரல்

என் கேஸ் முடிஞ்சுது. மூணு வாய்தா. மூணுலயும் நான் போகல, அங்க உள்ள சட்ட உதவி வக்கீல்தான் நின்னாரு. கருவியோட சான்று, சாட்சி சான்றிதழ், வெட்டாத முழு போட்டோ, இதக் கொண்டு வாங்கன்னு மாஜிஸ்திரேட் ரெண்டு தடவ நேரம் குடுத்தாவளாம், வரல. 41 நாள் கணக்கையும் பாத்துட்டு விட்டுட்டாவ. போன் வந்தப்ப சாத்தூர்ல டயர் பாத்துக்கிட்டு இருந்தேன், அங்கனயே ரோட்டோரத்துல உக்காந்துட்டேன். உத்தரவு நகல் மனுப் போட்டு வாங்கணும், அதக் கொண்டு லைசென்ஸ் ஆபீஸ்ல குடுக்கணும், அடுத்த வாரம் அந்த வேல.

2023ல கட்டுனது அப்படியேதான் நிக்கும், அத ஒண்ணும் செய்ய முடியாதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாவ.

20 ஏப்ரல்

நேத்து லோடு ஏத்துறதுக்கு முன்ன கவர்னரப் பாத்தேன். கம்பி ஒரு எடத்துல துருப்பிடிச்சு இத்துப்போயிருக்கு, ஈயம் சும்மா தொங்குது. எப்ப அத்துச்சுன்னு தெரியல. தார் ஏத்த ஆள் வந்து நிக்காங்க, ஓனர் ரெண்டு தடவ போன் அடிச்சுட்டாரு, இருந்தாலும் திருநெல்வேலிக்குத் திருப்பிட்டேன். புதுசா சீல் வச்சு, தேதி போட்ட சான்று வாங்கிட்டு ராத்திரி 9 மணிக்குத்தான் கெளம்புனேன்.